சபோர் என்றால் ருசி

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய பொலேரோ என்ற ஸ்பானிஷ் காதல் பாட்டுகளைப் பத்து நாளாகக் கேட்கிறேன். நீ போனில் சொன்ன அர்த்தங்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

'எல் ரெலோஹ்' பாட்டில் ஒருவன், மணி காட்டாதே என்று கடிகாரத்திடம் கெஞ்சுகிறான்; விடிந்தால் அவள் ஒரேயடியாகப் போய்விடுவாள். அர்மாந்தோ மன்சனேரோ என்பவர் எழுதிய பாட்டில் இன்னொருவன், வாரத்துக்கு ஏழு நாளுக்கு மேல் உண்டென்று உன்னிடம்தான் கற்றேன் என்கிறான். இரண்டும் அழகுதான். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது 'சபோர் அ மீ', அதாவது 'என் ருசி'. 1959-இல் வந்தது. எழுதிய அல்வாரோ கர்ரீயோ, மெக்சிகோவில் வேளாண்மை படித்தவர்.

'உன் ருசியை நான் வைத்திருக்கிறேன், நீயும் என் ருசியைச் சுமக்கிறாய்' என்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் போனாலும், மறுமையில் காதல் உண்டோ இல்லையோ, அங்கேயும் உன் வாயில் என் ருசி இருக்குமாம். காதலியின் வாயூறலைப் பாலும் தேனும் கலந்தது என்றார் வள்ளுவர். அங்கே ருசிப்பவன் அவன் மட்டும். இங்கே இருவர் வாயிலும் மற்றவர் ருசி. இது எனக்கு ரொம்பப் பெரிதாகப் பட்டது.

அப்புறம் இன்னொரு வரி: உனக்குச் சொந்தக்காரனாக நான் ஆசைப்படவில்லை. சொந்தக்காரனுக்கு அவர் போட்ட சொல் 'துவெஞ்ஞோ'; வீட்டுக்காரர், கடைக்காரர் என்பதற்கும் அதே சொல்தான் என்றாய். ஸ்பானிஷில் காதலைச் சொல்லும் 'கெரெர்' என்ற சொல்லுக்கே 'வேண்டும்' என்றும் பொருள். அப்படிப்பட்ட மொழியில் ஒருவன், நீ என் உடைமை இல்லை என்று பாடுகிறான். அந்த இடம் வரும்போதெல்லாம் நிறுத்தி மறுபடி கேட்கிறேன்.

உன் அப்பா காபிக்குச் சர்க்கரை போடமாட்டார். கல்யாணமான புதிதில் நான் என் காபிக்கு இரண்டு ஸ்பூன் போடுவேன். 'குறைத்துக்கொள்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதுவாகவே குறைந்து ஒருநாள் நின்றுபோனது. அவரோ நார்த்தங்காயைத் தொடவே மாட்டார், கசக்கும் என்பார். கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது மோர் சாதத்துக்கு அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் அம்மா வீட்டு ஊறுகாய். அவர் போய் மூன்று வருஷம். நான் இன்னும் சர்க்கரை இல்லாமல்தான் குடிக்கிறேன்.

உன் சிநேகிதர் பற்றிச் சொன்னாய். அவரைப் பற்றி நான் விசாரிக்க நினைத்ததெல்லாம் இந்தப் பாட்டுக்குப் பிறகு குறைந்துவிட்டது. உன்னைச் சொந்தம் கொண்டாடாமல் நேசிக்கிறாரா என்று மட்டும் நீயே பார்த்துக்கொள்.

தை மாதம் இரண்டு பேரும் வாருங்கள். நார்த்தங்காய் நறுக்கி உப்பில் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
அம்மா