பிளஸ் டூ முடிஞ்சதுக்கு அப்புறம் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ரிசல்ட் வந்தா போதும், பார்வை இல்லாத பொண்ணு இத்தனை மார்க், கை இல்லாத பையன் சாதனைன்னு எல்லா பத்திரிகையிலயும் போட்டோ வந்துரும். சந்தோஷம்தான், ஆனா நான் ஸ்கூல்ல பாக்குற பிள்ளைங்கள்ல பாதிப்பேர் அந்த போட்டோவுல வர மாட்டாங்க. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் இருக்குற பிள்ளைங்களைத்தான் சொல்றேன். இவங்களுக்கு பரீட்சையில சொல்லச் சொல்ல எழுதுற ஸ்கிரைப் கொடுக்குறோம், ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா கொடுக்குறோம், ஒரு மொழிப்பாடத்துல விலக்கு கொடுக்குறோம், எப்படியோ பாஸ் பண்ண வச்சிடுறோம். அப்புறம்? சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக்கல்வித் திட்டம் பிளஸ் டூவோட முடிஞ்சிருது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இலவசக் கல்வியும் 18 வயசு வரைக்கும்தான், அதுக்கப்புறம் பிள்ளை வீட்ல டிவி பாத்துட்டு இருக்கும்.

அதே 2016 சட்டத்துல அரசு வேலைக்கு 4 சதவீதம் ஒதுக்கீடு இருக்கே, அதுல 1 சதவீதம் இந்த மாதிரி பிள்ளைங்களுக்கும் சேத்துதானேன்னு கேப்பீங்க. இருக்கு சார், ஆனா அந்த ஒண்ணுலயே ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை குறைபாடுன்னு எல்லாரும் வராங்க, அதுக்கும் பரீட்சை எழுதி வரணும். பிரைவேட் கம்பெனி வேலைவாய்ப்பு முகாம்னு கூட்டிட்டுப் போனா முதல் கேள்வியே டைப்பிங் தெரியுமா, தனியா வந்துட்டுப் போவியாங்கறதுதான்.

தனியா வர்றதுதான் சார் பெரிய விஷயம். டவுன் பஸ்ல மாற்றுத்திறனாளிக்கு டிக்கெட் கிடையாது, ஆனா எந்த பஸ்ல ஏறணும், எங்க இறங்கணும், பஸ் வரலன்னா யாருக்கு போன் போடணும்னு பழக்கி விடுறது யாரோட வேலைன்னு எங்கயும் எழுதல. அமெரிக்காவுல 16 வயசுக்குள்ள ஸ்கூலே அந்தப் பிள்ளைக்கு அடுத்து என்னன்னு பிளான் எழுதணும்னு சட்டமே இருக்கு, பிள்ளையையும் பக்கத்துல உக்கார வச்சு. நம்ம ஊருக்கு அவ்வளவு பெரிய ஃபைல் எல்லாம் வேணாம், ஒன்பதாவதுல இருந்து வாரத்துல ஒரு அரை நாள் பக்கத்து ஜெராக்ஸ் கடை, பேக்கரி, நர்சரி தோட்டம்னு கூட்டிட்டுப் போய் பழக்கினாலே போதும். குழந்தைத் தொழிலாளர்னு யாராவது சண்டைக்கு வருவாங்க, வேலை வாங்க இல்லங்க, நேரத்துக்குப் போறது, சொன்னதை முடிக்கிறது, தெரியலன்னா கேக்குறதுன்னு பழகத்தான். நம்ம மாவட்டத்து ஆய்க்குடியில இருக்குற அமர் சேவா சங்கம் மாதிரி மாற்றுத்திறனாளிகளுக்கு தொழிற்பயிற்சி கொடுக்குற இடங்கள் இருக்கு, ஆனா எல்லா பிள்ளையும் அங்க போக முடியாது, அரசுப் பள்ளிதான் எல்லா ஊர்லயும் இருக்கு.

பெத்தவங்க பக்கமும் தயக்கம் இருக்கு. வேலைக்கு அனுப்பினா மாசம் வர்ற 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை நின்னுருமோன்னு ஒரு பயம், கடையில யாராவது திட்டிட்டா என்ன பண்றதுன்னு இன்னொண்ணு. ரெண்டும் நியாயமான பயம்தான். முதல் பயத்துக்கு அதிகாரிங்க ஒரே ஒரு சுற்றறிக்கையில தெளிவா பதில் சொல்லிடலாம், ரெண்டாவதுக்கு முதல் ரெண்டு மாசம் கூடவே ஒரு ஆள் நிக்கணும். அந்த ஆளுக்கு சம்பளம் யார் கொடுப்பான்னுதான் எல்லா மீட்டிங்கும் முடியுது.

ஒன்பதாவதுல பிள்ளை இருக்குற அப்பா அம்மா யாராவது இதைப் படிச்சா, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல போய் இதைக் கேளுங்க, தீர்மானப் புத்தகத்துல எழுத வைங்க. நாங்க உள்ளே இருந்து கேட்டா யாரும் காதுல போட்டுக்க மாட்டேங்கறாங்க.

இப்படிக்கு,
ஒரு சிறப்புப் பயிற்றுநர்,
தென்காசி மாவட்டம்