கட்டிலிலிருந்து ஒரு திருயாத்திரை

புதுச்சேரி
10.11.2025

அன்புத் தோழிக்கு,

இயேசுவுக்கே புகழ். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் அம்மாவுக்கு ஏதாவது தேவைப்பட்டது. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அவள் கட்டிலோடுதான் இருக்கிறாள். வலி குறைந்திருக்கிறது, நடக்கத்தான் முடியவில்லை.

மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனையைத் திருச்சபை முழுசாக நீக்கித் தருகிறதே, அதைப் பற்றி, "பரிபூரண பலன் என்பது காசுக்கு விற்ற சமாச்சாரம்தானே, இன்னுமா நம்புகிறாய்?" என்று கேட்டிருந்தாய். விற்றது உண்மைதான். 1517-இல் ஜெர்மனியில் துறவி மார்ட்டின் லூத்தர் கொதித்தெழுந்ததும் அதனால்தான். ஆனால் 1567-இல் பாப்பரசர் ஐந்தாம் பயஸ், காசோடு சம்பந்தப்பட்ட பலன்களையெல்லாம் ஒரேயடியாக ரத்து செய்துவிட்டார். அதையும் சேர்த்துச் சொன்னால்தானே நியாயம்?

எனக்கு இது விளங்கியது போன வருஷம் ஃபெஞ்சல் புயலில். வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் ஒரு நாளில் வடிந்துவிட்டது. சேறு வடியவில்லை. அலமாரிக்கு அடியில், கதவு இடுக்கில், அரிசிப் பானையில்கூட. பக்கத்து வீட்டுக்காரர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து நின்றார்கள், நாங்கள் கூப்பிடாமலே. சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் பாவம் போய்விடுகிறது, அது விட்டுப்போன சேறு கிடக்கிறது. கிறிஸ்துவும் அர்ச்சியசிஷ்டவர்களான புனிதர்களும் சேர்த்துவைத்த புண்ணியத்தைக் கொண்டு அதைக் கழுவத் திருச்சபை துணைக்கு வருகிறது. பலன் என்றால் எனக்கு அவ்வளவுதான். அம்மாவின் பழைய ஜெபப் புத்தகத்தில் மந்திரத்துக்கு மந்திரம் "300 நாள் பலன்" என்று போட்டிருக்கும், ஞாபகமிருக்கிறதா? இறந்தவர்களின் ஆன்மா தூய்மையாகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் 300 நாள் குறையும் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். அது ஆதிகாலத்துத் தபசு நாட்களின் கணக்காம். 1967-இல் ஆறாம் பவுல் அந்த நாள்கணக்கையே எடுத்துவிட்டார்.

இது யூபிலி என்கிற புனித வருஷம் அல்லவா, அந்தப் பலனுக்காகச் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடந்தே போனேன். முதல் நாள் ரயிலடிப் பக்கம் திரு இருதய பசிலிக்காவில் பாவசங்கீர்த்தனம். விடியும் முன்னே இந்திரா காந்தி சிலையைத் தாண்டி, ரெட்டியார்பாளையம், மூலக்குளம் வழியாக. பூசை கண்டு, நன்மை (நற்கருணை) வாங்கி, பாப்பரசர் கருத்துக்காக வேண்டிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனம், நன்மை, வேண்டுதல் போக, பலனுக்கான நாலாவது நிபந்தனைதான் என்னை உலுக்கியது: சின்னப் பாவத்தின் மீதுகூட ஒட்டுதல் இருக்கக் கூடாது. குளத்துப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று பலன் முழுசாகக் கிடைத்ததா என்பது சர்வேசுரனுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அழுதாள். "எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை" என்றாள். பிரான்சிஸ் பாப்பரசர் போன டிசம்பர் 24 அன்று சக்கர நாற்காலியில் வந்து ரோமாபுரியில் யூபிலிக்காகத் திறக்கிற புனிதக் கதவைத் திறந்துவைத்ததை டிவியில் கைகூப்பிப் பார்த்தவள். ஏப்ரல் 21-இல் அவர் இறந்தபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம்தான் பங்குச் சாமியாரைக் கேட்டேன். வெளியே போக முடியாத நோயாளிகள் மனத்தால் யாத்திரிகர்களோடு சேர்ந்து, பரமண்டல மந்திரமும் விசுவாச மந்திரமும் சொல்லி, தங்கள் வேதனையை ஒப்புக்கொடுத்தால் அதே பலன் உண்டாம். ரோமிலிருந்து வந்த விதியிலேயே இருக்கிறது என்றார்.

போன வாரம் முதல் வெள்ளி. சாமியார் நன்மை கொண்டு வருவதற்கு முன் அம்மா கேட்டாள், "வில்லியனூர் எந்தப் பக்கம்டி?" மேற்கே காட்டினேன். "கட்டிலைத் திருப்பிப் போடு." எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு இரண்டு பேருமாகத் திருப்பினோம். கட்டில் கால் தரையில் கிறீச்சிட்டது. ஜெபமாலையில் அறுந்த மணிக்குப் பதிலாக நூலில் ஒரு முடிச்சு போட்டு வைத்திருக்கிறாள். விரல் அந்த முடிச்சுக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் நிற்கும். "எல்லாம் வல்ல பிதாவாகிய சர்வேசுரனை விசுவசிக்கிறேன்" என்று பழைய பாஷையிலேயே, மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்தாள்.

இந்தப் பலனை இறந்தவர்களுக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். அப்பாவுக்காக ஒப்புக்கொடுத்தாயா என்று அம்மாவைக் கேட்டேன். இல்லை என்றாள். உன் அம்மாவுக்காகவாம். "2021-லே அவ போனப்ப வாசல்லே நின்னுகூட அழ விடல. மண் போடக்கூட ஆள் இல்லே. வருஷா வருஷம் என்னோட வில்லியனூர் நடந்தவ. அவளை விட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போவேன்?"

உன் அம்மாவின் அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். அதனால்தான் இதை உனக்கு உடனே சொல்ல நினைத்தேன். கல்லறைத் திருநாளான 2-ஆம் தேதி அவர் கல்லறைக்கும் போய்வந்தேன். மழையில் சரிந்திருந்த மண்ணை அணைத்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் இரண்டு தரம் அணைந்தது, மூன்றாம் தரம் நின்று எரிந்தது.

மறைமாவட்டங்களில் டிசம்பர் 28-ஓடு யூபிலி முடிகிறது. ரோமில் ஜனவரி 6-இல் புதிய பாப்பரசர் பதினான்காம் லியோ புனிதக் கதவை மூடுவார். போன வருஷம் மறுபடி திறந்த பாரிஸ் நோத்ர்-தாம் கதீட்ரல் உனக்கு மெட்ரோவில் போகிற தூரம்தானே. இந்தப் பலனுக்குக் கதீட்ரல் எதுவானாலும் செல்லுமாம். முடிந்தால் ஒரு நாள் போ. போனால் என் அப்பாவுக்காக ஒப்புக்கொடு. அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி