எஸ் சாருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள எஸ் சார்,

கோபப்படாதே. சைட்ல உன்னை எல்லாரும் இன்ஜினியர்னு கூப்பிடட்டும், எனக்கு நீ கடைசிவரைக்கும் எஸ் சார்தான். ஒன்றரை வருஷமா நான் எழுதலை, போனும் பண்ணலை. தப்புதான். அம்மாவுக்கு மூட்டுவலி, பையன் பிளஸ் டூ, எனக்கு சுகர் எட்டிப் பார்த்திருக்கு. வீட்டுச் செய்தி முடிஞ்சது.

காரைக்குடியில நம்ம இன்ஜினியரிங் காலேஜுக்குப் போயிட்டு வந்தேன்டா. பழைய மாணவர்கள் வந்து ஃபைனல் இயர் பிள்ளைகளுக்கு மாதிரி இன்டர்வியூ நடத்தணும்னு கூப்பிட்டாங்க. ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ்ல விடியக்காலம் இறங்கினேன். ஸ்டேஷன் வாசல்லயே வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி. சுகராவது ஒண்ணாவது.

1952-ல அழகப்பர் தொடங்கி வச்ச கல்லூரி, நான் பெரிய மனுஷனா அறிவு வழங்கப் போறேன்னு இஸ்திரி போட்ட சட்டையோட உள்ள நுழைஞ்சேன். சிவில் பிளாக் வாசல்ல நின்னதும் சர்வே கேம்ப்தான் ஞாபகம் வந்தது. மட்டம் பார்க்கிற டம்பி லெவல் கருவியில எல்லாம் தலைகீழாத் தெரியுதுன்னு, ஸ்டாஃபை, அதான் அந்த அளவுக் கோலையே தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு நின்ன மகானை எப்படிடா மறக்கிறது? நல்லவேளை, அந்தக் கதையை நான் யார்கிட்டயும் சொல்லலை. மூணு பேர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்.

இனிமேதான் விஷயம். ஆறாவதா ஒரு பொண்ணு வந்தது. அரசுப் பள்ளி, ஏழரை சதவீதத்துல வந்த பிள்ளை. 2021-ல வந்த அந்த ஒதுக்கீட்டுல கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டிடுது. நம்ம காலத்துல முதல் பட்டதாரி சலுகைகூடக் கிடையாது, உங்கப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினது உனக்கே தெரியும். "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்"னு ஆரம்பிச்சேன். மனப்பாடம் பண்ணினது நாலு வரி வந்தது, அஞ்சாவது வரியில நின்னுபோச்சு. துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கிட்டே உக்காந்திருக்கு. அப்புறம் நான் என்ன கேட்டாலும், "எஸ் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டதுடா.

அப்பா என்னம்மா பண்றார்னு தமிழ்ல கேட்டேன். கொத்தனார்னு சொல்லுச்சு. லீவுல நீயும் கூடப் போவியா? போவேன் சார், மட்டம் பார்க்க தண்ணி டியூப், அதான் டியூப் லெவல் பிடிப்பேன். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி. டியூப்ல தண்ணி ரொப்புறப்போ நடுவுல காத்துக் குமிழி நின்னுட்டா ரெண்டு பக்கமும் மட்டம் ஒண்ணாக் காட்டாது, அப்பா தட்டித் தட்டிக் குமிழியை வெளிய விட்டப்புறம்தான் செவுத்துல பென்சில் கோடு போடுவார், வெயில்ல கிடந்த டியூப்னா ரெண்டு தடவை பார்ப்பார்னு கையாலயே டியூப் பிடிச்சுக் காட்டுது. குமிழி இருந்தா ஏன் தப்பு வருதுன்னும் அழுத்தக் கணக்கோட சொல்லுச்சு. நமக்கு யாருடா இப்படிச் சொல்லிக் கொடுத்தா?

ராத்திரி ரயில்ல தூக்கம் வரலை. ஆபீஸ்ல பதினஞ்சு வருஷமா நான்தானே ஆள் எடுக்கிறேன். எத்தனை பிள்ளைகளை "கம்யூனிகேஷன் போதாது"ன்னு ஒரு வரி எழுதி அனுப்பியிருப்பேன்? அஞ்சு நிமிஷம் தமிழ்ல கேட்டிருந்தா அதுல எத்தனை பேர் டியூப் லெவல் பிடிச்சவங்களோ. இன்டர்வியூல "எஸ் சார்" மட்டுமே சொன்ன உன்னையும் அன்னைக்கு ஒருத்தர் அப்படித்தானே அனுப்பினார். வெளிய வந்ததும் நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். நீயும் சேர்ந்து சிரிச்சே. அன்னைக்கு ராத்திரி நீ மெஸ்ஸுக்கு வரலைங்கிறது இப்பத்தான் உறைக்குது.

சரி, அழுவாச்சி போதும். ரெண்டாம் சனிக்கிழமைதோறும் போறதா ஒத்துக்கிட்டேன். நீயும் வர்றே. எனக்கு லிஃப்ட் ஷாஃப்ட்டும் எக்செல் ஷீட்டும்தான் தெரியும், சைட்ல இங்கிலீஷ் இல்லாம எப்படிப் பேர் எடுக்கிறதுன்னு உனக்குத்தான் தெரியும். இங்கிலீஷ் தானா ஒட்டிக்கும்னு பொய் மட்டும் சொல்லிடாதே. அதுக்குத் தனியா உழைக்கணும்னு உள்ளதைச் சொல்லு. ஸ்லீப்பர்ல டிக்கெட் போட்டுடறேன், லோயர் பெர்த் எனக்கு.

வர்றதுக்கு முன்னால ஒண்ணு. கிளம்புறப்போ அந்தப் பொண்ணு என்னைக் கேட்டது: "சார், முப்பதடி தூரத்துக்கு அப்பா டியூப்ல பார்த்த மட்டத்தை ஆட்டோ லெவல் கருவி வச்சுப் பார்த்தா எத்தனை மில்லிமீட்டர் தப்பும்?" எனக்குத் தெரியலை. கேட்டுச் சொல்றேன்னு நம்பர் வாங்கிட்டு வந்திருக்கேன். நாளைக்கு சைட்ல வச்சுப் பார்த்துட்டு எழுது.

உன்,
ரூம் நம்பர் 14, ஜன்னலோரக் கட்டில்