நம்ம வீட்டுலயிருந்து தொடங்கு

சோமனூர்,
ஞாயித்துக்கெழமை

கண்ணு,

நல்லா இருக்கறயா? அம்மாவுக்கு முழங்கால் வலி இப்பத் தேவலை. எட்டுத் தறியில ஆறு ஓடுது, கூலிதான் ஏறல. இதையெல்லாம் போன்லயே பேசிக்கலாம். போன்ல வாய் வராத ஒண்ணுக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

போன தடவை வந்தப்ப, என்ன ஆராய்ச்சி பண்றேன்னு கேட்டேன். ஒரே வீட்டுல பையனைப் பணம் கட்டிப் படிக்க வெச்சு, பொண்ணை மட்டும் அரசுப் பள்ளிக்கு அனுப்பற குடும்பங்களைப் பத்தின்னே. சொல்லிட்டு என் மூஞ்சியைப் பார்க்காம சோத்தைப் பெசஞ்சுட்டே இருந்தே. அம்மா மோர் ஊத்துனா. நான் பேசாம எந்திரிச்சுட்டேன்.

2008-ல உங்கண்ணனை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில சேர்த்தேன். நாலு தறியை வித்துக் கட்டுன பணம். பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொறக்கவே இல்ல. ரெண்டு வருசமும் பிளஸ் டூ பாடத்தையே திருப்பித் திருப்பி எழுத வெச்சாங்க. மார்க் வந்துச்சு. காலேஜுல மொத வருசமே அவன் தடுமாறுனப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. 2018 மார்ச்சுல பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வெச்சப்ப, இது பத்து வருசம் முந்தியே வந்திருக்கக் கூடாதான்னு நெனச்சேன்.

உன்னை ஊர்ப் பள்ளியிலயே விட்டேன். டியூசன் கேட்டே. "பொழுதோட தறிக்கு நூல் தார் சுத்த ஆளில்ல"ன்னேன். நீ தார் சுத்திக்கிட்டே படிச்சே. அன்னைக்குக் கையில இல்லாத கொறைன்னு அம்மா இன்னமும் சொல்றா. அப்படியில்ல கண்ணு. காசு இருந்துச்சு. அது யாருக்குன்னு முடிவு பண்ணுனவன் நான்.

நீ சொன்ன இன்னொரு ஆய்வும் மனசுலயே நிக்குது. பொருளாதாரப் பேராசிரியர் கார்த்திக் முரளிதரனும் கூட இருந்தவங்களும் தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல எடுத்தது. கொரோனாவுல விட்டுப்போன படிப்புல மூணுல ரெண்டு பங்கு, 2021 டிசம்பர்ல இருந்து ஆறே மாசத்துல மீண்டுருச்சு, அதுல ஏறக்கொறைய கால் பங்கு, அரசாங்கம் சாயங்காலம் நடத்துன இல்லம் தேடிக் கல்வி வகுப்பாலன்னே. எதுத்த வீட்டுப் புள்ள மாசம் ஆயிரம் ரூபாய்க்கு நம்ம திண்ணையிலதான் பொழுதானா பொடுசுகளை ஒட்டுக்கா உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தா. அவ பட்ட பாட்டையும் அளந்து பார்க்க ஆளிருக்குன்னு கேட்டப்ப, நீ எதுக்கு அத்தனை தூரம் போய்க் கெடக்கறேன்னு எனக்குப் புரிஞ்சுது.

2023 ஆகஸ்ட்டுல காலைச் சாப்பாடு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சல்லோ, வெடியால ஷிப்டுக்கு ஓடற தாய்மாருக்கு அது எத்தனை நிம்மதின்னு இங்க வந்து பார்த்தாத்தான் தெரியும்.

ஆனா ஒண்ணு சொல்லோணும். பக்கத்துக் குடோன்ல ஒடிசாவுல இருந்து ஒரு குடும்பம் வந்திருக்குது. எட்டு வயசுப் பொண்ணு, தம்பியை இடுப்புல வெச்சுக்கிட்டு நாள் பூராவும் வாசல்லயே நிக்கறா. அப்பனும் ஆத்தாளும் தறிக்குப் போயிட்டா அவனைப் பார்க்க ஆளில்ல. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். உப்புமா வாசம் அவளுக்கும் அடிக்குது. பள்ளிப் பதிவேட்டை வெச்சு எண்ணுனா அவ எந்தக் கணக்குலயும் வரமாட்டா. வீடு வீடாப் போய்த்தான் எண்ணோணும்.

அடுத்த தடவை வர்றப்ப உன் கேள்வித்தாளைக் கொண்டா. நம்ம வீட்டுலயிருந்து தொடங்கு. உங்கண்ணனுக்கு என்ன கட்டுனேன், உனக்கு என்ன இல்லேன்னேன்னு ஒண்ணு விடாம நானே சொல்றேன். எழுதிக்க.

அப்பா