அச்சில் விழாத வால்நட்சத்திரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கலைப் பக்கத்தில் வில்லியம் டைஸின் 'பெக்வெல் விரிகுடா, கென்ட்: 1858 அக்டோபர் 5ஆம் நாளின் நினைவு' என்னும் ஓவியத்தை வெளியிட்டு, 'அமைதியான மாலைக் கடற்கரை' என்று அடிக்குறிப்பும் தந்திருந்தீர்கள். அந்தக் காலத்துக் கடல் ஓவியம் என்றாலே புயலும் உடைந்த கப்பலும்தான் என்றிருக்க, இதைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. ஆயினும், அந்த அமைதிக்கு ஆதாரமான ஒன்று அச்சில் விழவே இல்லை.

தலைப்பில் நாளைக் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. இத்தாலிய வானியலாளர் டொனாட்டி 1858 ஜூன் மாதத்தில் கண்டறிந்த வால்நட்சத்திரம், அக்டோபர் தொடக்கத்தில் வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தது. அதை டைஸ் வானத்தின் மேற்பகுதியில், மங்கிய ஒரு சிறு கோடாக மட்டும் வைத்திருக்கிறார். ஏறக்குறைய 89 செ.மீ. அகலமுள்ள ஓவியம் உள்ளங்கையளவுக்குச் சுருங்கியபோது, அக்கோடு மையில் கரைந்துவிட்டது. லண்டன் டேட் கலைக்கூடத்தின் இணையப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த நானே, அதைத் திரையில் விழுந்த கீறல் என்று எண்ணி வேட்டி நுனியால் துடைத்தேன்.

அதைக் கண்டபின் ஓவியம் வேறாகிவிடுகிறது. நீர் வற்றி ஈரப் பாறைகள் வெளித்தெரியும் கரையில், குளிருக்குச் சால்வை போர்த்திய ஓவியரின் மனைவியும் அம்மனைவியின் இரு சகோதரிகளும் கிளிஞ்சல் பொறுக்க வந்திருக்கிறார்கள். ஓவியரின் சின்ன மகனும் கூட நிற்கிறான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தலைக்கு மேலே இருப்பதையும் இவர்கள் கவனிக்கவில்லை. பின்னால் நீளும் வெண்ணிறச் செங்குத்துப் பாறை, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்து இறுகிய சுண்ணாம்பு. வானில் நிற்பதோ, ஒருமுறை போனால் திரும்ப ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் எடுத்துக்கொள்வது. இவ்விரண்டுக்கும் நடுவே, இருட்டுவதற்குள் கூடையில் இன்னும் நாலு கிளிஞ்சல் சேர்க்கும் அவசரங்கூட இல்லாமல் அவர்கள் இருப்பதில்தான் அந்த அமைதி இருக்கிறது என்பது என் எண்ணம். கடலோ ஓவியத்தில் ஒரு மெல்லிய பட்டை மட்டுமே.

இவ்வளவு நுணுக்கம் புகைப்படத்துக்கே உரியது, ஓவியத்துக்கு ஆகாது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாறையின் ஒவ்வொரு அடுக்கையும் எண்ணி வரைந்த கை, வால்நட்சத்திரத்தை மட்டும் அடக்கி வைத்திருப்பதைப் புகைப்படக் கருவி செய்யாது.

இடமிருந்தால் இவ்வோவியத்தை மீண்டும் ஒருமுறை பெரிதாக வெளியிட வேண்டுகிறேன். நடுப்பக்கம் மட்டும் வேண்டாம். வால்நட்சத்திரம் ஏறக்குறைய நடுவில் இருப்பதால், மடிப்பு நேராக அதன்மேல் விழுந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.