போதையில் மயங்கியவரைத் தனியே விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் நடைபெறும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவின்போதும், திருமண மண்டபங்கள் நிரம்பி வழியும் முகூர்த்த நாட்களிலும், அளவுக்கு மீறிக் குடித்துவிட்டுச் சுருண்டு கிடப்பவர்களைக் காண்கிறோம். ‘தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்’ என்று சொல்லி உறவினர்களே நகர்ந்துவிடுகிறார்கள். அந்தத் தூக்கத்தில்தான் உயிருக்கு ஆபத்து இருக்கிறது.

குடிப்பதை நிறுத்திய பிறகும், வயிற்றில் தங்கியுள்ள மது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே, படுக்கவைத்தபோது பேசிக்கொண்டிருந்தவர் சிறிது நேரத்தில் எழுப்ப முடியாத மயக்கத்துக்குப் போய்விடலாம். அந்நிலையில் மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால், அது மூச்சுக்குழாயில் இறங்கி மூச்சை அடைத்துவிடும். எனவே அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலிருக்கும் காலை மடக்கி முன்னால் ஊன்றி, தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, வாய் தரையை நோக்கி இருக்கும்படி செய்துவிட்டு, ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். வேலூர் வெயிலில் கிடந்தால் முதலில் நிழலுக்கு மாற்றுங்கள்.

மோரோ எலுமிச்சைச் சாறோ காப்பியோ போதையை இறக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் மதுவை வெளியேற்றும். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு எதைப் புகட்டினாலும் அது நுரையீரலுக்குள் போகக்கூடும். தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பதும் கூடாது.

தட்டி எழுப்பியும் விழிக்காவிட்டாலும், மூச்சு நிமிடத்துக்கு எட்டு முறைக்கும் குறைந்தாலும், பத்து விநாடி இடைவெளி விட்டு வந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், வலிப்பு வந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். விழுந்ததில் தலையில் அடிபட்டிருந்தாலும், நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை குறைந்திருந்தாலும், சாராய நெடியைக் கண்டு எல்லாம் போதைதான் என்று நினைத்துவிடுகிறோம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் பல உயிர்களைப் பறித்த மெத்தனால் என்ற நச்சுப்பொருள் கலந்த சாராயத்தில், கண் மங்குதல் போன்ற அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ, மானம் போய்விடுமோ என்று தயங்கி நேரத்தைக் கடத்தும் குடும்பங்களை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். குடித்தவர் மீது உள்ள கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். அதைக் காட்டுவதற்கான வேளை அதுவன்று.

மதுக்கடைகளில் ‘மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு’ என்று எழுதிவைப்பதோடு நிற்காமல், ஒருக்களித்துப் படுக்கவைக்கும் முறையைப் படமாக வரைந்து, 108 என்ற எண்ணுடன் மதுக்கூடங்களிலும் திருமண மண்டபங்களிலும் ஒட்டுவதற்கு மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். மதுக்கூட ஊழியர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் இம்முறையை நேரில் செய்துகாட்டிப் பயிற்சி அளிக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.