பாதி அட்டை மாத்திரை

மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சி, பசங்க எல்லாம் எப்படி இருக்காங்க. ஞாயித்துக்கிழமை போன்ல பேசுனதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல, அதான் இன்னைக்கு கடைய சீக்கிரம் சாத்திட்டு வந்து உக்காந்து எழுதுறேன். வேலை போய் இவ்வளவு நாளா எங்கிட்ட சொல்லாம இருந்ததுக்கு உன்மேல கோவம் இருக்கு, அத நேர்ல பாக்கும்போது பேசிக்கிறேன். ஆனா வேலை போனத விட எனக்கு தூக்கி வாரிப்போட்டது அந்த இன்சூரன்ஸ் விஷயம்தான். அமெரிக்காவுல வேலை போனதோட உங்க நாலு பேருக்கும் வைத்தியமும் சேந்து போயிருச்சு, கோப்ரான்னு ஒரு சட்டம் இருக்கு அதுல 18 மாசம் வரைக்கும் பழைய இன்சூரன்ஸையே வச்சுக்கலாம், ஆனா கம்பெனி கட்டிட்டு இருந்த பங்கையும் சேத்து முழு பிரீமியத்தையும் நாமளே கட்டணும்னு சொன்ன பாரு, சம்பளம் நின்ன மாசத்துல அத எவன்டா கட்ட முடியும். தங்கச்சி தைராய்டு மாத்திரைய எண்ணி எண்ணி வச்சுக்குதுன்னு சொன்னதும் எனக்கு பேச்சே வரல.

இவ்வளவையும் சொல்லிட்டு கடைசியில நீயே சொன்ன, நம்ம ஊர்லயும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியெல்லாம் நடத்தவே வேணாம் மாப்ள, எல்லார் கையிலயும் ஒரு இன்சூரன்ஸ் கார்ட குடுத்துட்டு மிச்சத்த பிரைவேட்கிட்ட விட்ரணும், போட்டி இருந்தா தரம் தானா வரும்னு. அன்னைக்கு உன் நெலமைக்கு எதுத்து பேச மனசு வரல. இப்ப சொல்றேன், கோச்சுக்காம படி.

நான் 18 வருஷம் மெடிக்கல் ரெப்பா அலஞ்சவன், இப்ப 9 வருஷமா மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன், மருந்து வித்துத்தான் என் வீட்ல ஒல கொதிக்குது. அதனால இத ஏதோ கட்சிக்காரன் மாதிரி பேசுறேன்னு நெனைக்காத. என் கவுன்டர்ல ஒரு கத்திரிக்கோல் நூல் கட்டி ஆணியில தொங்கும், என் கடையிலயே அதிகமா வேலை செய்யிறது அதுதான். சீட்டுல டாக்டர் சுகர் மாத்திரைய 30 நாளைக்கு எழுதிருப்பாரு, சீட்ட நீட்டிட்டு மொத்தம் எவ்வளவுண்ணே வரும்னு கேப்பாங்க, நான் சொன்னதும் கொஞ்ச நேரம் ரோட்டையே பாத்துட்டு நிப்பாங்க, அப்புறம் அஞ்சு நாளைக்கு மட்டும் வெட்டிக் குடுங்கண்ணே, மிச்சத்த சம்பளம் வந்ததும் வாங்கிக்கிறேன்னு சொல்லுவாங்க. நான் வெட்டுவேன். தேதி போட்ட பக்கம் எங்கிட்ட இருந்துரும், தேதி இல்லாத துண்டு அவங்க கூட போகும். மிச்சத்த வாங்க திரும்பி வர்றவங்க பாதி பேர் கூட கெடையாது. கேட்டா நாள் விட்டு நாள் போட்டுக்கிறேன்னு சொல்லுவாங்க, சுகர் என்ன நாள் விட்டு நாளா வருது.

நீ சொல்ற கார்டு இந்த கவுன்டர் பக்கமே வராது மாப்ள. 2009-ல கலைஞர் காப்பீட்டு திட்டம்னு வந்து 2012-ல முதலமைச்சர் காப்பீட்டு திட்டமா மாறுச்சே அதுவும் சரி, 2018-ல மத்திய அரசு ஆரம்பிச்ச ஆயுஷ்மான் பாரத்தும் சரி, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும்ங்கிறது பெரிய விஷயம்தான், நான் இல்லைங்கல, ஹார்ட் ஆபரேஷன் பண்ண வழியில்லாம செத்தவங்களுக்கு அது உயிர் குடுத்திருக்கு. ஆனா ஸ்கேன் மாதிரி சில டெஸ்ட்ட விட்டா பெட்ல போய் படுத்தாத்தான் அந்த காசு. மாசா மாசம் வாங்குற மாத்திரைக்கு, ஓ.பி.ல டாக்டர பாக்குறதுக்கு அது கெடையாது. பெட்ல படுக்குற அளவுக்கு ஒரு மனுஷன் போறது எப்படி, இந்த மாத்திரைய பாதி பாதியா தின்னுதானே.

சித்தப்பாவ ஞாபகம் இருக்கா, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல லோடுமேன், நம்ம ஹாஸ்டலுக்கு முருங்கைக்காய் கட்டோட வந்து நிப்பாரே, வாட்ச்மேன் உள்ள விடமாட்டேன்னு சண்டை போட்டாரே, அவரு. அவருக்கு சுகர் வந்து ரொம்ப வருஷம் ஆச்சு. ஜி.எச்.க்கு போனா காலையில ஓ.பி. சீட்டு போட்டு டாக்டர பாத்து மாத்திரை வாங்க மத்தியானம் ஆயிரும், அன்னைக்கு மூட்டை தூக்குற கூலி போச்சு. அதனால சாயங்காலம் கிளினிக்ல பாத்துட்டு வெளிய மாத்திரை வாங்கிருக்காரு, அதுவும் பாதி அட்டை. என் கடையில வாங்குனா நான் காசு வாங்கமாட்டேன்னு கூச்சப்பட்டு நாலு தெரு தள்ளி வேற கடையில வாங்கிருக்காருடா. அது எனக்கு எல்லாம் முடிஞ்சப்புறம்தான் தெரியும், இன்னமும் அத நெனச்சா தொண்டை அடைக்குது.

2019-ல கால்ல ஆணி குத்துனதே அவருக்கு தெரியல, மரத்துப் போயிருந்துச்சு. பெருவிரல் கருப்பாகி வாடை வந்தப்புறம்தான் சித்தி எனக்கு போன் போட்டுச்சு. கார்டு செல்லும்னு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேத்தோம், ரெண்டு விரல எடுத்தாங்க. காப்பீட்டு பணம் ஆஸ்பத்திரிக்கு போயிருச்சு, அது போக அது இதுன்னு சொல்லி எங்க கையில இருந்து 14,000 வாங்குனாங்க, ரசீது கேட்டா முறைச்சாங்க. கட்டு மாத்த வந்தா தனியா காசுன்னு சொன்னாங்க. அப்புறம் யாரு கட்டு மாத்துனா தெரியுமா, எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்குற ஒரு நர்ஸம்மா, ஏழு வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், உப்புத்தண்ணி ஊத்தி கழுவி, புண்ணு ஓரத்துல சதை செவப்பா வருதான்னு டார்ச் அடிச்சு பாத்து, ஒத்த ரூபா வாங்காம. பத்து வருஷம் மாத்திரைக்கு வராத காசு விரல எடுக்குறதுக்கு ஒரே நாள்ல வந்துச்சு மாப்ள, உன் கார்டு திட்டத்துல எனக்கு இருக்குற கோவம் மொத்தமும் இதுதான்.

இப்ப அவருக்கு வீட்டுக்கே மாத்திரை வருது. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி பக்கம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்களே மக்களைத் தேடி மருத்துவம், அந்த திட்டத்துல எங்க ஊர் மகளிர் குழு பொண்ணு ஒன்னு பைய தோள்ல மாட்டிட்டு வரும், திண்ணையில உக்காந்து பிரஷர் பாக்கும், விரல்ல குத்தி சுகர் பாக்கும், நோட்டுல எழுதிட்டு மாத்திரைய முழு அட்டையா குடுத்துட்டு போகும். போன மாசத்து அட்டைய எடுத்துட்டு வாங்க தாத்தான்னு கேட்டு, தின்னாரா இல்லையான்னு குழிய எண்ணி பாக்கும். அந்த பொண்ணுக்கு குடுக்குற ஊக்கத்தொகை ரொம்ப கம்மி, அதுக்கு தனியா ஒரு சண்டை போடணும்.

அந்த அட்டைய திருப்பி பாத்தா தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்லன்னு அடிச்சிருக்கும். அது எங்க இருந்து வருதுன்னு ஒரு ரெப்பா எனக்கு நல்லா தெரியும். தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம்னு 1994-ல ஆரம்பிச்சாங்க, 95-ல இருந்து ஓடுது. மாநிலம் முழுக்க இருக்குற கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு என்ன வேணுமோ அத மொத்தமா டெண்டர் விட்டு, பிராண்ட் பேரெல்லாம் கெடையாது மருந்து பேர்லயே வாங்கி, ஒவ்வொரு பேட்ச்லயும் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பி, பாஸ் ஆனாத்தான் மாவட்ட குடோன்ல இருந்து வெளிய விடுவாங்க. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், இவ்வளவு ரூபாய்க்கு நீ மருந்து எடுத்துக்கலாம்னு, பேங்க் பாஸ்புக் மாதிரியே. அதே மருந்த பிராண்ட் பேர் ஒட்டி பல மடங்கு விலைக்கு டாக்டர் டாக்டரா நான் எடுத்துட்டு அலஞ்சிருக்கேன். டெண்டர் விலைய மொத தடவை பாத்த அன்னைக்கு எனக்கு வேலைக்கு போகவே பிடிக்கல. ராஜஸ்தான்காரங்க 2011-ல இதே மாதிரி ஒன்ன ஆரம்பிச்சு இலவச மருந்து குடுத்தாங்க. கவர்மெண்ட் கையில ஆஸ்பத்திரியும் சப் சென்டரும் இருக்குறதாலதான் இப்படி மொத்தமா பேரம் பேசி வாங்க முடியுது. ஆஸ்பத்திரிய பூரா வெளிய குடுத்துட்டு பில்லு மட்டும் கட்டுறேன்னா, அவன் போடுற பில்லுதான், அவன் எழுதுற டெஸ்டுதான், அப்புறம் அது சரியா தப்பான்னு பாக்க நடுவுல ஒரு கம்பெனி வேற.

அதே ராஜஸ்தான்ல 2023 மார்ச்ல சுகாதார உரிமை சட்டம் போட்டாங்க, அவசரத்துக்கு வந்தவன்கிட்ட மொதல்ல காசு கேக்காத, வைத்தியம் பாரு, பணத்த அரசாங்கம் தரும்னு. தனியார் டாக்டர்கள் எல்லாம் ரோட்டுக்கு வந்துட்டாங்க, ஏப்ரல் ஆரம்பம் வரைக்கும் ஸ்டிரைக். அவங்க பயத்துலயும் ஒரு நியாயம் இருக்கு, பணம் எப்ப வரும், எவ்வளவு வரும்னு யாருக்கு தெரியும், நான் அவங்கள வில்லனா பாக்கல. ஆனா அந்த ரெண்டு வாரம் நோயாளிங்க எங்க போனாங்க, கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத்தானே. அதுவும் இல்லாம இருந்திருந்தா?

நீ சொல்ற குறையெல்லாம் எனக்கும் தெரியும்டா. ஜி.எச்.ல எங்க அத்தைய ரெண்டு நாள் தரையில பாய் போட்டு படுக்க வச்சாங்க, ஸ்ட்ரெச்சர் தள்ள 200 ரூபா கேட்டான், பாத்ரூம் பக்கம் போக முடியல. இதையெல்லாம் நான் மறைக்கல. ஆனா ஆள் போடாம, பெட் கூட்டாம, காலி போஸ்ட நிரப்பாம வச்சுட்டு பாத்தியா கவர்மெண்டுன்னாலே இப்படித்தான்னு சொல்றது எனக்கு ஒப்பல. 1946-லயே, வெள்ளைக்காரன் காலத்துல மக்கள் சுகாதாரத்த பத்தி ஆராய போட்ட போர் (Bhore) கமிட்டி எழுதி குடுத்துருச்சு, காசு இல்லைங்கிற காரணத்துக்காக ஒருத்தனுக்கும் வைத்தியம் கெடைக்காம போகக்கூடாதுன்னு. 2017-ல தேசிய சுகாதாரக் கொள்கையில 2025-க்குள்ள ஜி.டி.பி.ல 2.5 சதவீதம் அரசாங்கம் செலவு பண்ணும்னு சொன்னாங்க, 2025-ம் போயிருச்சு, அந்த எடத்துக்கு வந்து சேரல.

எங்க ஆள் போட்டு காசு போட்டாங்களோ அங்க நடந்திருக்கு. எங்க அக்கா மக பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போனப்ப நீ போன்ல திட்டுன, ஞாபகம் இருக்கா. நடுராத்திரி ரெண்டு மணிக்கு அங்க நர்ஸ் முழிச்சிருந்துச்சு, சுகப்பிரசவம், முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல உதவிப்பணமும் வந்துச்சு. 2018-20 கணக்குல ஒரு லட்சம் குழந்தை பொறக்குறதுக்கு தாய் சாவு இந்தியா முழுக்க 97, தமிழ்நாட்டுல 54. அந்த 54-ம் இருக்கக்கூடாதுதான், கேரளால 19.

சரி இது போதும், உன் விஷயத்துக்கு வர்றேன். என் மச்சான் மகன் அங்கதான இருக்கான், அவன்கிட்ட விசாரிச்சேன். 2010-ல ஒபாமா போட்ட சட்டத்துல, மார்க்கெட்பிளேஸ்னு கவர்மெண்ட் நடத்துற இன்சூரன்ஸ் சந்தையில நாமளே இன்சூரன்ஸ் எடுக்கலாம், பழைய இன்சூரன்ஸ் போன 60 நாளைக்குள்ள அப்ளை பண்ணணுமாம், தள்ளிப்போட்டா அடுத்த சீசன் வரைக்கும் காத்திருக்கணுமாம். பசங்களுக்கு சிப்னு தனியா ஒரு கவர்மெண்ட் திட்டம் இருக்காம், வருமானம் கொறஞ்சிருக்குறதால கெடைக்க வாய்ப்பிருக்குன்னு சொன்னான். நீ சிட்டிசன், உனக்கு உரிமை இருக்கு, கவர்மெண்ட்கிட்ட கை நீட்டுறதான்னு யோசிச்சுட்டு உக்காந்திராத, நாளைக்கே பாரு. தங்கச்சிய மாத்திரைய கொறைக்க வேணாம்னு சொல்லு, அது கொறச்சா வெளிய தெரியாம உள்ள கெடுக்கும். உனக்கும் சுகர் பார்டர்ல இருக்குன்னு போன வருஷம் சொன்ன, அத பாத்தியா இல்லையான்னு எழுது.

சித்தப்பா இப்ப சுகர்காரங்க போடுற மெத்துன்னு இருக்குற எம்.சி.ஆர். செருப்பு போட்டுட்டு மெதுவா நடக்குறாரு, மார்க்கெட்ல மூட்டை தூக்குறதில்ல, சீட்டு எழுதுற வேலை குடுத்திருக்காங்க. உனக்கு வேலை போனத சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு அவன் புள்ளைகளுக்கு காய்ச்சல் கீய்ச்சல் வந்தா என்ன பண்ணுவான்னு கேட்டாரு. நான் இன்னும் அவருக்கு பதில் சொல்லல, நீ அப்ளை பண்ணிட்டு சொல்லு, அப்புறம் போய் சொல்றேன்.

உன்,
ரூம்மேட்